ஆயுள் மாற்றித் தரப்படும்

தூத்துக்குடியில் ஆடி மாதம் கல்யாண மண்டபங்கள் ஈ ஓட்டும். அந்த வருஷம் மாப்பிள்ளையூரணிப் பக்கத்து மண்டபம் ஒன்று மட்டும் ஈ ஓட்டவில்லை, ஜனங்களை ஓட்டிக்கொண்டிருந்தது. விடிந்தால் அங்கே நூறு ஆட்டோ. பத்து மணிக்கு வரிசை மண்டபத்தைச் சுற்றி, வாசல் பந்தலைத் தாண்டி, மெயின்ரோட்டு டீக்கடை வரைக்கும் வந்துவிடும். டீக்கடைக்காரர் இரண்டாவது பாய்லர் வாங்கிவிட்டார். இந்தக் கதையில் யாருக்காவது உண்மையிலேயே நல்லது நடந்தது என்றால் அது அவருக்குத்தான்.

உள்ளே ஆயுள்முத்துச் சுவாமிகள் எழுந்தருளியிருந்தார்.

"உங்கள் ஆயுள் எத்தனை? அறிந்துகொள்ளுங்கள்! குறைவா? கூட்டிக்கொள்ளுங்கள்!" என்று மூன்றாம் மைல் நிறுத்தத்திலிருந்து திருச்செந்தூர் சாலை வரைக்கும் பேனர். பேனரில் சுவாமிகள் ஒரு கையில் சிப்பியும் மறுகையில் செல்போனுமாகச் சிரித்தார். சிப்பியில் ஞானம், செல்போனில் யூடியூப் சானல்.

சுவாமிகளிடம் ஒரு முத்து இருந்தது. நூற்றெட்டு வயதான சிப்பி ஒன்று தானாகவே கரைக்கு நீந்தி வந்து, அவர் காலடியில் வாயைத் திறந்து கக்கிய முத்தாம். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்றே அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. மிச்சமிருந்த ஒரே சிப்பி சுவாமிகளின் விலாசத்தை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறது. நாம் என்ன சொல்ல?

முறை எளிது. வலது கையில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, வெள்ளைத் தாளில் ஒரு அச்சு. ஆளே வரவேண்டும் என்பதில்லை. கப்பலில் இருக்கிறவர், கடலில் இருக்கிறவர், துபாயில் இருக்கிறவர் எல்லாருக்கும் வீட்டுப் பெண்கள் கையச்சைக் கொண்டுவந்தால் போதும். கூடவே ஒரு படிவம். பெயர், ஆணா பெண்ணா, வயது, தொழில், உடம்புக்கு என்ன, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். முக்காலமும் தெரிந்தவருக்குப் படிவம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ரேஷன் கடை முதல் ரெஜிஸ்டர் ஆபீஸ் வரை படிவம் நிரப்பியே வளர்ந்த ஜனம். படிவம் கொடுக்காமல் இருந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருக்கும்.

சுவாமிகள் கையச்சின் மேல் முத்தை உருட்டுவார். முத்து நிற்கும். கண்ணை மூடுவார். "அறுபத்தெட்டு" என்பார். சிஷ்யன் செந்தில்வேல் அதை ஒரு அட்டையில் எழுதி, சீல் குத்தி, லேமினேட் செய்து கொடுப்பான். அதற்குப் பெயர் ஆயுள் அட்டை. ஆதார் அட்டைக்குப் பக்கத்திலேயே ஜனங்கள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

அந்த அட்டைகளை வீடு வீடாகப் பார்க்கும் பாக்கியம் ஒருத்திக்கு வாய்த்தது. அவள் பெயர் பேச்சிச்செல்வி. வயது நாற்பத்தொன்று. வீடு தேடிப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, அரசாங்கம் தருகிற மாத்திரையைக் கொடுத்துவிட்டு வரும் வேலை அவளுக்கு. புருஷன் சிவசுப்பிரமணியன் மாலத்தீவுக்கு அரிசி, வெங்காயம் ஏற்றிப் போகும் தோணியில் வேலை. மாதத்தில் பாதி நாள் கடலில். தோளில் பையும் கையில் பிரஷர் மிஷினுமாக அவள் தெருவில் நுழைந்தால் "மாத்திரைக்காரி வாரா" என்பார்கள். அன்றுவரை அது மரியாதையான பெயர்தான்.

அந்த ஆடியில் மாத்திரைகள் திரும்பி வர ஆரம்பித்தன.

"இது இனிமே வேண்டாம்ளா. இங்கன பாரு, எனக்கு எழுபத்தாறு போட்டிருக்கு" என்று அட்டையைக் காட்டினாள் ஒருத்தி.

"சர்க்கர முந்நூறுல நிக்கே, அத்த?"

"அது பாட்டுக்கு நிக்கட்டும். நானும் எழுபத்தாறு வரைக்கும் நிப்பேன்."

பனியன் போட்ட ஒரு பெரியவர், நெஞ்சுவலி வந்து பிழைத்தவர், தயக்கமே இல்லாமல் பீடியைப் பற்றவைத்தார். "எழுபத்தொண்ணுன்னு எழுதிட்டாவ. அதுக்கு முன்ன இந்தப் பீடி என்ன பண்ணிரும்?"

பேச்சிச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. பதினேழு வீட்டில் மாத்திரை திரும்பியது. பதினேழாவது வீடு அவள் அண்ணன் வேல்ராஜ் வீடு.

வேல்ராஜுக்கு நாற்பத்தொன்பது வயது. சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ. உப்பளத்திலிருந்து குடோனுக்கு மூட்டை அடிக்கிறவன். உப்பு ஏற்றுகிற தொழில். சாப்பாட்டிலும் அதே தாராளம். நாலு வருஷமாகப் பிரஷர். மதினி முத்துக்கனி வாசலிலேயே சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டாள்.

"வா பேச்சி. ஒங்க அண்ணனுக்கு மொதல்ல அறுபத்தாறுதான் வந்துச்சு. எனக்கு எழுபத்தாறு. கேட்டதும் ஈரக்கொலையே நடுங்கிட்டு. அவிய போனதுக்கு அப்புறம் நான் அத்தன வருஷம் கெடந்து என்ன செய்ய?"

"அதுக்கு?"

"சாமிதான் வழி சொன்னாவ. ஆயுளச் சமப்படுத்துத பூச. எங்கிட்ட இருந்து ஏழு வருஷத்த எடுத்து அவியளுக்குக் குடுத்துட்டாவ. இப்ப அவியளுக்கு எழுபத்து மூணு, எனக்கு அறுபத்தொம்போது. நான் அவியளுக்கு நாலு வயசு எளையவ. கணக்குப் போட்டுப் பாரு, ரெண்டு பேரும் ஒரே வருஷத்துல போயிருவோம்!"

குற்றாலத்துக்கு டிக்கெட் கிடைத்த மாதிரி சொன்னாள்.

இதுதான் சுவாமிகளின் மூலதனம். "உலகம் பூராவும் பெண்ணுக்கு ஆயுள் கூட, ஆணுக்குக் குறைவு. நான் சொல்லவில்லை, பேப்பரில் போட்டிருக்கிறான்" என்பார். அது உண்மைதான். உண்மை ஒரு கரண்டி, பொய் ஒரு குடம். பெண்களைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அந்த மிச்ச வருஷத்தை எப்படிக் கழிப்பாய் தாயே? பொட்டில்லாமல், பூவில்லாமல்?" என்று கேட்பார். முன்வரிசையில் நாலு பேர் விசும்புவார்கள். பூசைக்குச் சுவாமிகள் பணம் வாங்குவதில்லை; பணத்தைத் தொடவே மாட்டார். தாலிக்கொடியிலிருந்து ஒரே ஒரு தங்கக் குண்டு போதும். புருஷன் ஆயுளைக் கூட்டுவதற்குப் பெண்கள் தாலியைக் கழற்றிக் கொடுத்தார்கள். பகுத்தறிவுப் பிரசாரகர்கள் மேடை போட்டு எத்தனை வருஷம் கத்தியும் கழற்றாத தாலி.

ஆணின் ஆயுளைப் பெண்ணுக்கு மாற்றச் சொல்லி ஒரு புருஷனாவது வந்தானா என்றால், இல்லை. சுவாமிகளும் அப்படி ஒரு பூசை வைத்திருக்கவில்லை. எது விலைபோகும் என்பது அவருக்குத் தெரியும்.

"அண்ணே, கைய நீட்டு" என்றாள் பேச்சிச்செல்வி. மிஷின் நூற்றுத் தொண்ணூறு காட்டியது.

"மாத்திரைய நிறுத்திட்டியா?"

"எழுபத்து மூணு வரைக்கும் கேரண்டிளா" என்றான் வேல்ராஜ். "அதுக்கு இன்னும் இருபத்து நாலு வருஷம் கெடக்கு. மாத்திரயப் போட்டா தல சுத்துது, மூட்ட தூக்க முடியல."

"வண்டிக்குக்கூட வருஷா வருஷம் எஃப்.சி. காட்டுதியே, அண்ணே..."

"ஏளா, சாமிய வண்டியோட சேத்துப் பேசாத!" என்று குறுக்கே விழுந்தாள் மதினி.

மூன்றாம் வாரம் உப்புக் குடோன் வாசலில் வேல்ராஜுக்கு மூட்டை கைநழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தான். வலது கை வரவில்லை. பக்கத்து வண்டி டிரைவரிடம் என்னவோ சொன்னான். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சொன்னது யாருக்கும் புரியவில்லை. டிரைவருக்குப் புத்தி இருந்தது. தண்ணீர் தெளித்து வேடிக்கை பார்க்காமல், ஆளைத் தூக்கி வண்டியில் போட்டு நேரே பெரியாஸ்பத்திரிக்கு விட்டான். நேரத்துக்குப் போனதால் ஊசி போட்டார்கள். உயிர் தங்கியது. பேச்சும் மெல்லத் திரும்பியது. வலது கை மட்டும் மடக்கினால் மடங்கவில்லை.

வார்டு வாசலில் பேச்சிச்செல்வி மதினியின் தோளைப் பிடித்தாள். இப்போதாவது புரிந்திருக்கும் என்று நினைத்தாள்.

"பாத்தியா பேச்சி" என்று முத்துக்கனி கண்ணைத் துடைத்தாள். "சாமி மட்டும் ஏழு வருஷம் ஏத்தி விடலன்னா இன்னைக்கு ஒங்க அண்ணன் போயிருப்பாவ. ஞாயித்துக்கெழம போயி இன்னும் ரெண்டு வருஷம் குடுத்துட்டு வந்திருதேன்."

பேச்சிச்செல்வி தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அண்ணன் செத்திருந்தால் விதி, பிழைத்தால் சாமி. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயிக்கிற சீட்டாட்டம். இவர்களிடம் வாய் வலிக்கப் பேசிப் பிரயோசனமில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் யோசித்தாள்.

பதினேழு வீட்டு அட்டைகளும் கண்முன் வந்தன. பூசையில் மாற்றியதை விட்டுவிட்டால், ஆண்கள் எல்லாம் அறுபத்தாறிலிருந்து எழுபத்தொன்று. பெண்கள் எல்லாம் எழுபத்துமூன்றிலிருந்து எழுபத்தாறு. ஏற்கெனவே எண்பதை நெருங்கினவர்களுக்கு மட்டும் கூட நாலோ ஐந்தோ. வேலைக்குச் சேர்ந்தபோது நடந்த பயிற்சி வகுப்பில் டாக்டரம்மா திரையில் காட்டிய படம் நினைவுக்கு வந்தது. சராசரி ஆயுள்: ஆணுக்கு எழுபதைச் சுற்றி, பெண்ணுக்கு அதைவிட நாலு வருஷம் போல அதிகம். அடப்பாவி! முத்து உருளுவது கையில்தான். ஆள் பார்ப்பது படிவத்தில், 'ஆணா பெண்ணா' என்ற கேள்வியில்.

மஞ்சளைக் குழைத்தாள். தன் வலது கையை மூன்று தாள்களில் அழுத்தினாள். கட்டைவிரலுக்குக் கீழே, எப்போதோ மீன் அறுக்கும்போது அரிவாள்மணை கிழித்த தழும்பு மூன்றிலும் பளிச்சென்று விழுந்தது. ஒரு தாளின் படிவத்தில் தன் பெயர். இரண்டாவதில் சிவசுப்பிரமணியன், ஆண், வயது நாற்பத்தாறு, தோணியில் வேலை. மூன்றாவதில் மாமனார் பெயர், ஆண், வயது எழுபத்தொன்பது, மூட்டுவலி.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பிதுங்கியது. மேடையில் பெரிய திரை. சுவாமிகளின் தட்டில் முத்து உருளுவதைக் கேமரா பெரிசாகக் காட்டியது. யூடியூபில் நேரலை வேறு. முன்வரிசையில் முத்துக்கனி, கையில் இரண்டாவது குண்டோடு உட்கார்ந்திருந்தாள். பேச்சிச்செல்வியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "ஒனக்கும் புத்தி வந்துட்டா?"

"வந்துட்டு, மதினி."

அவள் முறை வந்தது. முத்து உருண்டது.

"தாயே, உனக்கு எழுபத்தைந்து" என்றார் சுவாமிகள். இரண்டாவது தாளில் உருண்டது. சுவாமிகளின் முகம் வாடியது. வாடுவதற்கு அவர் பழகியிருந்தார். "உன் கணவருக்கு... அறுபத்தெட்டு."

கூட்டம் 'ச்சூ' கொட்டியது.

மூன்றாவது தாள். "பெரியவர் எண்பத்துநாலு வரை இருப்பார்."

"சாமி" என்றாள் பேச்சிச்செல்வி, மிகவும் பணிவாக. "எங்க வீட்டுக்காரரு கை எப்படி இருக்கு? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"கடலோடு மல்லுக்கட்டிய ஆண்மகன் கை அம்மா இது. கயிறு இழுத்து இழுத்து ரேகை தேய்ந்திருக்கிறது, பார். அதுதான் ஆயுளைத் தின்கிறது."

"எங்க மாமனாரு கை?"

"முதிர்ந்த கை. நடுக்கம் அச்சிலேயே தெரிகிறதே!"

"என் கை?"

"மகாலட்சுமி கை. கொடுக்கிற கை" என்று சுவாமிகள் விஷயத்துக்கு வந்தார். "இதிலிருந்து ஆறு வருஷத்தை எடுத்து, இந்தக் கைக்கு மாற்றினால் இருவருக்கும் ஒரே நேரம். சம்மதமா தாயே?" என்று இரண்டு தாள்களையும் மஞ்சள் கயிற்றால் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

"சம்மதம் சாமி. ஆனா ஒரு சந்தேகம். இந்தக் கையில இருந்து எடுத்து இதே கைக்கு எப்பிடிக் குடுப்பீய?"

சுவாமிகளின் கை கயிற்றோடு நின்றது.

பேச்சிச்செல்வி மேடையிலிருந்த மஞ்சள் கிண்ணத்தில் வலது கையைத் தோய்த்தாள். சுவாமிகளின் தட்டுக்குப் பக்கத்தில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஓங்கி ஒரு அச்சு வைத்தாள். கயிற்றிலிருந்து இரண்டு தாள்களையும் உருவி, மூன்றாவதோடு சேர்த்து அதனருகே வரிசையாகப் பரப்பினாள். கேமராக்காரன் கூலிக்கு வந்தவன், நல்ல தொழிலாளி. நாலையும் சேர்த்துத் திரை கொள்ளாமல் காட்டினான். நாலு கை. நாலிலும் ஒரே தழும்பு.

மைக்கை அவள் கேட்டு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டாள்.

"எல்லாரும் பாருங்க. நாலும் எங்கைதான். பொம்பளன்னு எழுதுனா எழுபத்தஞ்சு. ஆம்பளன்னு எழுதுனா அறுபத்தெட்டு. கெழவன்னு எழுதுனா எண்பத்து நாலு. கயிறு இழுத்துத் தேஞ்ச கையும் இதுதான், நடுங்குத கையும் இதுதான். எங்க வீட்டுக்காரரு தோணியில மாலத்தீவுல நிக்காவ. மாமனாரு வீட்ல டிவி பாத்துட்டு இருக்காவ."

 செந்தில்வேல் சட்டென்று நேரலையை நிறுத்தினான். ஒன்பதாயிரம் பேர் பார்த்து முடித்த பிறகு.

சுவாமிகள் லேசில் விடவில்லை. "வஞ்சகமாகக் கொடுத்தால் முத்து கோபித்துக்கொள்ளும்! ஆனால் பெண்ணுக்கு ஆயுள் அதிகம் என்பது பொய்யா? பேப்பரில் வந்ததா இல்லையா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின.

"வந்துச்சு. அது சராசரி" என்றாள் பேச்சிச்செல்வி. "எங்க தெருவுல போன வருஷம் ரெண்டு ஆம்பள செத்தாவ. ஒருத்தன் ஹெல்மெட் இல்லாம பைக்ல போன இருபத்து நாலு வயசுப் பையன். இன்னொருத்தரு எண்பத்தெட்டு வயசுத் தாத்தா. ரெண்டையும் கூட்டிப் பாதி போட்டா அம்பத்தாறு. அம்பத்தாறு வயசுல யாரு செத்தா? சொல்லுங்க! அந்தச் சராசரிய எடுத்து ஒவ்வொருத்தர் கையிலயும் தேதி மாதிரி எழுதிக் குடுத்திருக்காரு. அத நம்பி மாத்திரைய வீசுனவிய எங்கிட்ட மட்டும் பதினேழு வீடு. எங்க அண்ணனுக்கு வலது கை போச்சு. இப்ப அவன் கைய அச்செடுக்கணும்னாக்கூட இன்னொருத்தரு பிடிச்சு அழுத்தணும்."

முத்துக்கனி எழுந்தாள். மேடைக்கு வந்தாள். தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பேச்சிச்செல்வியின் கையைப் பிடித்துத் திருப்பி, தழும்பைத் தன் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு சுவாமிகளிடம் திரும்பினாள். 

"என் ஏழு வருஷம் எங்க?"

சுவாமிகள் முத்தை எடுத்து மடியில் செருகினார்.

"அவிய நல்லா இருக்கணும்னு நான் சாகுத தேதிய எழுதிக் குடுத்தேன். வாங்கி என்னத்தல செஞ்ச?"

மரியாதையில்லாத அந்த 'ல' விழுந்ததும் சுவாமிகள் சாமி பதவியிலிருந்து இறங்கிவிட்டார். அடுத்த நிமிஷம் மேடையிலிருந்தும் இறங்கி, மணப்பெண் அறை வழியாக ஓடப் பார்த்தார். பின்கதவுக்கு வெளியே டீக்கடை வரைக்கும் நின்ற வரிசை அவரை ஆசையோடு வரவேற்று, காலில் விழுந்து, தப்பிக்க விடாமல் பிடித்துக்கொண்டது. முன்னால் நடந்தது பின்வரிசைக்கு இன்னும் தெரியாது. பக்திக்கும் சில பயன் உண்டு.

முத்துக்கனியே கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தாள். போலீஸ் அவருடைய பெட்டியைத் திறந்தபோது தங்கக் குண்டுகளுக்கு அடியில் மடித்து வைத்த பழைய தாள் ஒன்று இருந்தது. ஏதோ ஒரு காலத்து இன்சூரன்ஸ் ஆயுள் அட்டவணை, ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. சுவாமிகளின் பூர்வாசிரமப் பெயர் சிவப்பிரகாஷ். பாலிசி பிடிக்கும் ஏஜென்டாக இருந்தவர். பாலிசியில் ஆள் செத்தால் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலில் அந்தத் தொல்லை இல்லை.

அத்தோடு ஜனங்களுக்குத் தெளிந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஜீப்பில் ஏற்றும்போது பத்துப் பெண்கள் ஓடி வந்து மறித்தார்கள். சபாஷ், உதைக்கப் போகிறார்கள் என்று பார்த்தால், "எங்க வருஷத்தத் திருப்பிக் குடுத்துட்டுப் போ!" என்றார்கள். சிவப்பிரகாஷ் விலங்கு மாட்டாத கையைத் தூக்கி, "எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தேன்" என்றார். அதில் ஆறு பேர் கும்பிட்டார்கள்.

மறுநாள் பேச்சிச்செல்வி அண்ணன் வீட்டுக்குப் போனாள். வேல்ராஜ் ஒரு ரப்பர் பந்தை வலது கையில் வைத்து அமுக்கப் பழகிக்கொண்டிருந்தான். மாத்திரையைக் கேட்டு வாங்கி இடது கையால் வாயில் போட்டுக்கொண்டான். அவள் மதினியைப் பார்த்தாள்.

"நீ கைய நீட்டு, மதினி."

"எனக்கு என்னத்துக்குளா? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நாலு வருஷமா அண்ணனுக்குப் பாக்க வாரேன். ஒரு நாளாவது ஒனக்குப் பாத்திருக்கியா?"

மிஷின் நூற்று அறுபது காட்டியது. 

"அப்ப நான் எத்தன வருஷம் இருப்பேன் பேச்சி?"

"தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. அதனாலதான் மாத்திர தாரேன்."

முத்துக்கனி வாங்கிக்கொண்டாள்.

இப்போது அந்தத் தெருக்களில் பேச்சிச்செல்வி உட்கார்ந்தால் பிரஷர் பார்க்கப் பெண்கள் நாற்பது பேர் வருகிறார்கள். ஆண்கள் மூன்று பேர்; அதில் ஒருவர் மனைவி கையைப் பிடித்து இழுத்து வந்தவர். ஆண்கள் ஏன் முன்னால் போகிறார்கள் என்று கண்டுபிடிக்க நூற்றெட்டு வயதுச் சிப்பி தேவையில்லை. ஐயாமாரே, பெண்களுக்காவது யோசிப்பதற்கு நாலு வருஷம் கூடுதலாக இருக்கிறது. உங்களுக்கு நேரம் குறைவு. இன்றைக்கே ஆரம்பியுங்கள்.